மீனுக்கு முன்னால் தண்ணீர்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் கடல்மீன் தொட்டியின் படம் கிடைத்தது. 60 லிட்டர், உங்கள் சிங்கப்பூர் வீட்டுக்கு அளவானதுதான். தண்ணீர் தெளிந்துவிட்டது, இந்த வாரக் கடைசியில் கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கப்போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். இப்போது வாங்காதே, அம்மா.

தெளிந்த தண்ணீர் வேறு, மீன் பிழைக்கும் தண்ணீர் வேறு. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனியும் அழுகி அதையே தரும். கடல்நீரின் பி.எச். (அமில, கார அளவு) 8-க்கு மேல் இருப்பதால் அம்மோனியாவின் நச்சு அங்கே இன்னும் கடுமையாகத் தாக்கும். செவுள் புண்ணாகி மீன் மூச்சுக்குத் திணறும். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை, இரண்டும் உன் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். இவை மெல்லத்தான் பெருகும். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் சீக்கிரம் முடியலாம், ஆனால் சோதித்துப் பார்க்காமல் அதை நம்பாதே.

மலிவான மீன் ஒன்றை முதலில் விட்டுத் தண்ணீரைப் பழக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஓர் உயிரை வதைத்துத் தொட்டியைத் தயாராக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அதற்குப் பதிலாக, அம்மோனியா அளவு 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்வரை அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடு. விளக்கை அணைத்தே வை, இல்லாவிட்டால் பாசி முந்திக்கொள்ளும். ஊற்றிய அம்மோனியாவும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்துக்குள் சுழியத்துக்கு இறங்கி, நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் தொட்டி பழகிவிட்டது. பிறகு பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கு. பண்ணையில் பிறந்த கோமாளி மீன்களாகக் கேட்டு வாங்கு. கடலில் கோமாளி மீன் அண்டி வாழும் கடல் சாமந்தி என்னும் உயிரினம் அவற்றுக்குத் தேவையில்லை, புதுத் தொட்டியில் அது பிழைப்பதும் கடினம்.

குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலக்காதே. சிங்கப்பூர்க் குழாய் நீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் உண்டு. வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும், இது போகாது. கரைந்த தாதுக்களையும் நீக்கி வடிகட்டிய ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் உப்பைக் கரைத்து, உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் 1.025 காட்டும்படி வைத்துக்கொள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் தினமும் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு உப்புக் கலக்காத அதே ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரை ஊற்று, உப்புநீரை ஊற்றாதே.

அங்கே ஹீட்டரைவிட விசிறிதான் உனக்குத் தேவைப்படும். வெப்பம் 26 டிகிரி அளவில் நின்றால் நல்லது. விசிறி ஓடினால் தண்ணீர் இன்னும் வேகமாக வற்றும், அதையும் கணக்கில் வை. வெப்பம் கூடினால் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் நடந்தது அதுதான்.

மீன் நிலைத்துச் சில மாதம் ஆன பிறகு பவளத்தைப் பற்றி யோசி. காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களில் தொடங்கு. கடலில் உடைத்தெடுத்ததை வாங்காதே, தொட்டியில் வளர்த்த துண்டா என்று கேள். நம் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததில் காவல் இழந்த விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் தீவுகளாக இருந்து நீருக்குள் போயின. அந்தக் கணக்கில் நம் வீட்டிலிருந்து ஒரு கல்கூடச் சேரக் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சோயாந்தஸ் என்னும் பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தவர்கள் ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. தொடும்போது கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள். சின்னவன் தொட்டிக்குள் கையை விடாமல் பார்த்துக்கொள்.

ஞாயிறுதோறும் அளவுகளை எழுதி அனுப்பு. அம்மோனியா இறங்கிய பிறகும் நைட்ரைட் பல நாள் அப்படியே நின்றால் பதறாதே, அந்தக் கட்டம்தான் நீளும். அதற்காகத் தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருக்காதே.

அன்புடன்,
அப்பா