ஸ்விங் சொல்லிக் கொடுப்பவர் வேறு ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடிவிட்டுத் தொழில்முறை கோல்ஃபுக்குப் போன பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டுக்கு வெளியே பெண்கள் ஆடும் ஒரு விளையாட்டுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீராங்கனைகளின் அப்பாக்களுக்கு முழுசாக மூன்று பத்தி. கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு ஒரே வரி, அவர்கள் இந்தப் பெண்களின் ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசிப் பந்தை அடிக்கும் விதத்தை, செதுக்கினார்களாம். அந்த ஒரு வரியும் சரியில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வாலிபாலும் கோகோவும்தான் என் உலகம், கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. மகள் அரிசோனாவில் வேலை பார்ப்பதால் குளிர்காலங்களில் அங்கே போய் இருப்பேன். பீனிக்ஸில் செங்குன்றுகளின் அடிவாரத்தில் பப்பாகோ என்று நகராட்சியின் கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணிகள் இப்போது அங்கேதான் பயிற்சி செய்கின்றன. காலை நடைக்குப் போகும்போது, தங்கள் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு நடக்கும் பெண்களைப் பார்ப்பேன். கல்லூரி ஆட்டத்தில் பை தூக்க ‘கேடி’ என்ற உதவியாள் கிடையாது. அந்த வேடிக்கையில் தொடங்கித்தான் இந்தப் பயிற்சியாளர்களைப் பற்றி ஆர்வமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்த ஸ்விங் விஷயம். பெரிய கல்லூரி அணிக்கு வரும் பெண் பத்து வயதிலிருந்தே ஒரு தனி ஆசிரியரிடம் கற்றுக்கொண்டு வருகிறவள். அந்த ஆசிரியர் ஸ்வீடனிலோ ஸ்பெயினிலோ இருப்பார், வீடியோ அனுப்பினால் திருத்தம் சொல்வார். பெரும்பாலான கல்லூரிப் பயிற்சியாளர்கள் அதில் கை வைக்க யோசிப்பார்கள். பதினெட்டு வயதில் ஸ்விங்கை மாற்றப் போய், உள்ளதும் போச்சு என்று ஆனால் யார் பதில் சொல்வது? அதுவும் போக, போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி தரக் கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி இருக்கிறது.

அப்புறம் கல்லூரிப் பயிற்சியாளருக்கு என்னதான் வேலை? போட்டிக்கு ஐந்து பேர் போவார்கள், அன்றன்றைக்கு நல்ல ஸ்கோர் எடுத்த நான்கு பேரின் கணக்குத்தான் அணிக்குச் சேரும். ஐந்தாவது ஸ்கோர் குப்பைக்கு. எட்டு ஒன்பது பேர் உள்ள அணியில் அந்த ஐந்தாவது இடம் யாருக்கு என்று முடிவு செய்வதுதான் பயிற்சியாளரின் தூக்கத்தைக் கெடுக்கும் வேலை. விடுபட்ட பெண்ணும் உதவித்தொகையில் வந்தவள்தான், அவளுடைய அம்மாவும் போன் செய்வாள்தான். கோகோ அணிக்குப் பெயர்ப் பட்டியல் ஒட்டிய நாட்களில் நான் ஸ்டாஃப் ரூம் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன், அதனால் இந்த இடம் எனக்கு நன்றாகவே புரிகிறது. இதோடு முடியவில்லை. வேறு நாட்டுக்குப் போய்ப் பெண்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், பாடத்தில் மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், போட்டி நாளில் கூடவே நடந்து, ‘தண்ணீர் பக்கம் போகாதே, இடது பக்கம் அடி’ என்று சொல்ல வேண்டும். கல்லூரி கோல்ஃபில் பயிற்சியாளர் ஆட்டத்துக்கு நடுவே யோசனை சொல்லலாம் என்பது எனக்கே புதிய செய்தி.

உதாரணத்துக்கு மிஸ்ஸி ஃபார்-கேயைச் சொல்கிறேன். அரிசோனா ஸ்டேட் பெண்கள் அணி 1990இல் தேசியப் பட்டம் வென்றபோது அதில் ஆடியவர். 2009இல் மறுபடி வென்றபோது உதவிப் பயிற்சியாளர். 2015இல் தலைமைப் பொறுப்பு கைக்கு வந்தது, 2017இல் இல்லினாய் மாநிலத்தின் ரிச் ஹார்வெஸ்ட் ஃபார்ம்ஸ் மைதானத்தில் நார்த்வெஸ்டர்ன் அணியைத் தோற்கடித்து அணி பட்டம் வென்றது. அதே போட்டியில் அவருடைய மாணவி மோனிகா வான் தனிநபர் பட்டத்தையும் எடுத்தார். ஒரே பல்கலைக்கழகத்தில் ஆட்டக்காரியாக, உதவியாளராக, தலைமைப் பயிற்சியாளராக என்று மூன்று நிலையிலும் பட்டம் பார்த்தவர்.

இவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதில் பெரும் பகுதி புற்றுநோய் பற்றியது. எழுத வேண்டியதுதான். அக்கா ஹெதர் ஃபார் தொழில்முறை கோல்ஃப் ஆடியவர், 1989இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது, 1993 நவம்பரில் 28 வயதில் இறந்துபோனார். அதாவது தங்கை பட்டம் வென்ற 1990இல் அக்கா நோயோடு போராடிக்கொண்டிருந்தார். பிறகு அதே நோய் தங்கைக்கும் வந்தது. படிக்கும்போது மனசு கனக்கிறது. ஆனாலும் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அவர் உதவிப் பயிற்சியாளராக இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டுகள். 2009இல் கோப்பையோடு நின்ற படத்தில் அவரும் இருந்திருப்பார், தலைப்புச் செய்தியில் இருந்திருக்க மாட்டார். அதற்குப் பிறகும் ஆறு வருடம் அதே இடம். வேறு கல்லூரிக்குப் போனால் தலைமைப் பதவி கிடைக்கக்கூடிய தொழில் அது. நோயை வென்ற கதையை எழுத எல்லோரும் வருகிறார்கள், உதவியாளராக இருந்து வேலை பழகிய கதையை எழுத யாரும் வருவதில்லை.

அவருக்கு முன்னால் இருந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். அவர் மாணவியாக ஆடியபோது பயிற்சியாளர் லிண்டா வோல்ஸ்டெட். 1980இலிருந்து 2001 வரை அதே அணி, 1990க்கும் 1998க்கும் நடுவில் மட்டும் ஆறு தேசியப் பட்டம். அவருக்குப் பிறகு, ஃபார்-கேக்கு முன்னால், மெலிஸ்ஸா லூயலன். இவருடைய அம்மா டேல் மெக்நமாரா டல்ஸா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர், புகழ்பெற்ற கோல்ஃப் வீராங்கனை நான்சி லோபஸ் கல்லூரியில் ஆடியது இந்த அம்மாவிடம்தான். என்சிஏஏ பெண்களுக்கென்று 1982இல் முதன்முதலாக நடத்திய கோல்ஃப் போட்டியில் வென்றது டேலின் அணி. 1988இல் மகளே அம்மாவின் அணியில் ஆடித் தனிநபர் பட்டம் வாங்கினார், அணிக்கும் பட்டம். இருபத்தொரு வருடம் கழித்து அதே தேசியப் பட்டத்தை மகள் பயிற்சியாளராக அரிசோனாவில் வென்றார். அப்பாக்களுக்கு மூன்று பத்தி கொடுத்த கட்டுரையில் இந்த அம்மாவுக்கு ஒரு வரி கிடைத்திருக்கலாம்.

அந்த 2009 பட்டத்திலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது. அணியின் பெரிய ஆட்டக்காரி அன்னா நோர்ட்க்விஸ்ட், படிப்பை முடிக்காமல் அதற்குச் சில மாதம் முன்புதான் தொழில்முறைக்குப் போயிருந்தார். போன வேகத்தில் ஜூன் மாதம் தொழில்முறைப் பெண்கள் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான எல்பிஜிஏ சாம்பியன்ஷிப்பையே வென்றுவிட்டார், உலகமே அவரைப் பார்த்தது. அதற்கு முந்தின மாதம், அவர் விட்டுப்போன இடத்தை நிரப்பிக்கொண்டு அணி தேசியப் பட்டம் வாங்கியிருந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த அஸஹாரா முன்யோஸும் கார்லோட்டா சிகாண்டாவும் அதில் ஆடினார்கள். நன்றாக ஆடுகிறவள் போய்த்தான் தீருவாள், போகும்போது வாழ்த்தி அனுப்பவும் வேண்டும், மறுநாள் நான்கு ஸ்கோரும் சேரவும் வேண்டும். இதுதான் அந்த வேலை.

பணத்தையும் பேசிவிடுகிறேன். அமெரிக்காவில் பெண்கள் 1941இலிருந்தே கல்லூரிகளுக்கிடையே கோல்ஃப் போட்டி ஆடி வருகிறார்கள். நெடுங்காலம் பெண்கள் அணிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற பி.டி. டீச்சர்கள், சம்பளம் வகுப்பு எடுப்பதற்கு, அணி இனாம். 1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனத்தில் பெண் என்பதற்காக வாய்ப்பை மறுக்கக் கூடாது என்றது. அணிகள் பெருகின, உதவித்தொகை வந்தது, பயிற்சியாளர் பதவிக்கும் ஒழுங்கான சம்பளம் வந்தது. சம்பளம் வந்ததும் ஆண்களும் வந்தார்கள்! சட்டத்துக்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள், இன்று பாதிகூட இல்லை. இது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்த கணக்கு. ஆண்கள் மோசமான பயிற்சியாளர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் 1984இல் சேர்ந்த டான் ப்ரூக்ஸ் பெண்கள் அணியோடு 2019க்குள் ஏழு தேசியப் பட்டம் எடுத்திருக்கிறார், வோல்ஸ்டெட்டைவிட ஒன்று அதிகம். ஆனால் ஆண்கள் அணிக்குப் பயிற்சி தரும் பெண்கள் மிகக் குறைவு. அதனால்தான் வோல்ஸ்டெட்டிலிருந்து லூயலன், அவரிடமிருந்து ஃபார்-கே என்று ஒரே அணி பெண்கள் கையிலேயே மாறி வந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

என் கதை ஒரு வரி. ஒதுக்கும் பணத்தில் வலை வாங்கினால் பந்து வாங்க முடியாது, மண்டலப் போட்டிக்கு ரூட் பஸ்ஸில் கூட்டிப் போவேன், டீயும் பன்னும் என் கைக்காசு. ஆண்டு மலரில் வென்ற பெண்களின் படம் வரும், கூடவே முதல்வரின் படமும் வரும். அதனால் கொஞ்சம் கோபத்தோடு எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். அந்த ஆறு வீராங்கனைகளும் எந்தக் கல்லூரியில் ஆடினார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தந்த வருடத்தில் அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் யார், உதவியாளர் யார் என்று பார்த்து, பெயர்களை மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். ‘ஸ்விங்கைச் செதுக்கினார்கள்’ என்பதையும் அப்படியே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்