பழைய வீதிகளுக்குச் சுண்ணாம்பே ஏற்றது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியின் வண்ண வீடுகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, மஞ்சள் நிறத்தைப் பிரெஞ்சுக்காரர் ரசனை என்று சொல்லி முடித்துக்கொண்டது. அந்த மஞ்சள் எதில் கரைந்து சுவரேறியது என்பதை விட்டுவிட்டதால் இதை எழுதுகிறேன்.

1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய நகரம், 1765 முதல் மறுபடி எழும்பியது. நகரைப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியில் உயர்ந்த மதிலும் வளைவுகளும்; மேற்கே தமிழர் பகுதியில் திண்ணையும் மரத்தூண் தாங்கிய தாழ்வாரமும். தோற்றம் வேறானாலும் பழைய வீடுகள் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். நிறமும் சுண்ணாம்பில் கலந்த காவி மண்தான். முகப்புகள் சீரமைக்கப்பட்ட வைசியாள் வீதி 2008இல் யுனெஸ்கோ விருது பெற்றது. அதைப் பார்த்து மற்ற வீதிக்காரர்கள் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, காய்ந்தால் பிளாஸ்டிக் படலமாகிவிடும் எமல்ஷன் பெயின்ட் அடிக்கிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கடலோர மண்ணின் உப்புநீரை, ஈரத்தடுப்பு இல்லாத பழைய சுவர் கீழிருந்து உறிஞ்சி மேலேற்றும். சுண்ணாம்புப் பூச்சு வழியே அந்த ஈரம் ஆவியாகிவிடும். எமல்ஷன் படலம் அதை மறிக்கும். உப்பு உள்ளேயே படிகமாகிக் காரையைத் தள்ளிவிடும். இடுப்பு உயரத்துக்குப் பொரிந்து கொட்டும். உடனே கொத்தனாரை அழைத்துச் சிமென்ட் பூசினால் ஓதம், அதாவது சுவரின் ஈரம், இன்னும் மேலே ஏறும். வரிசை வீடுகளில் நடுச்சுவர் பொது என்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த ஓதத்தில் பங்கு உண்டு!

சுண்ணாம்பு அடிப்பது பெரிய வித்தை இல்லை. தண்ணீர் ஊற்றி நீற்றாத புதுச் சுண்ணாம்பு கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். நீறும்போது கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். இரும்பு டிரம்மில் செய்யுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். 24 மணி நேரம் ஊறியபின் துணியில் வடிகட்டி, லிட்டருக்கு 4 கிராம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். மஞ்சள் காவியோ செங்காவியோ சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். பளிச்சென்ற சாயப்பொடிகள் பல சுண்ணாம்பின் காரத்தில் வெளுத்துவிடும். காய்ந்தால் நிறம் நன்றாக வெளிறும். ஓரத்தில் அடித்துக் காயவிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு முகப்புக்கு வேண்டியதை ஒரே கலவையாகக் கலக்காவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

சுவரை நனைத்து, மெல்லிதாக மூன்று கை. உச்சி வெயிலில் அடித்தால் இறுகுமுன்பே காய்ந்து மாவாக உதிரும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது வழக்கம்தான். ஆனால் கார்த்திகை மழை குடித்த சுவர் தையில்கூட முழுதாகக் காய்ந்திருக்காது. ஓதம் உள்ள சுவருக்கு மாசி, பங்குனியே நல்லது.

ஏற்கெனவே எமல்ஷன் உள்ள சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அதை முழுக்கச் சுரண்டியாக வேண்டும். கிரைண்டர் வைத்தால் காரையும் சேர்ந்து வந்துவிடும், கையால்தான் செய்ய வேண்டும். செலவு பிடிக்கும் வேலை அதுதான். எனவே வீதி முகப்புகளுக்கு வண்ணமடிக்க ஒப்பந்தப்புள்ளி கோருவோர், நிறத்தின் எண்ணோடு நிற்காமல் பூச்சு சுண்ணாம்பு என்பதையும், பழைய எமல்ஷனைச் சுரண்டும் கூலியைத் தனி இனமாகவும் குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புதுச்சேரி