எக்கோ அறிக்கையின் கடைசி வரி: இதய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இதய மருத்துவர்களுக்கும், எக்கோ, சிடி அறிக்கை எழுதுவோருக்கும்,

வணக்கம். என் அப்பாவின் எக்கோ அறிக்கையில் கடைசி வரி இது: 'கொரோனரி சைனஸ் விரிந்துள்ளது, பெர்சிஸ்டென்ட் லெஃப்ட் எஸ்விசி.' அதாவது, கருவிலேயே மறைந்திருக்க வேண்டிய இடப்பக்கப் பெருஞ்சிரை ஒன்று தங்கிவிட்டது; இதயத்தின் பின்புறம் ஓடி வலது மேலறையில் திறக்கும் சிரைக் குழாயான கொரோனரி சைனஸ் விரிந்திருக்கிறது. என்னவென்று கேட்டோம். "பிறவியிலேயே இருப்பது, ஒன்றும் செய்யாது" என்றார்கள். பெரும்பாலோருக்கு அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கருவில் எல்லோருக்கும் கழுத்தின் இரு பக்கத்திலிருந்தும் இதயத்துக்குப் பெரிய சிரை இறங்குகிறது. பிறகு இடப்பக்கச் சிரை சுருங்கிப்போக, தலை, கைகளின் ரத்தம் வலப்பக்க மேற்பெருஞ்சிரை (எஸ்விசி) வழியாகவே வருகிறது. 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு இடப்பக்கச் சிரையும் அப்படியே தங்கிவிடும். பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களிடம் இது இன்னும் அதிகம். பெரும்பாலும் அந்த ரத்தம் கொரோனரி சைனஸ் வழியாக வலது மேலறைக்கே போய்ச் சேருவதால் எந்தத் தொந்தரவும் இருக்காது. மருந்தும் வேண்டாம்.

சரி, அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும்? அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்தது வேறொரு மருத்துவமனையில். அவர் கையிலிருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரி இல்லை. வழக்கம்போல இடது தோள்பட்டைக்குக் கீழே ஒயரைச் செலுத்தினார்கள். நடு மார்பைக் கடந்து வலப்பக்கம் போகவேண்டிய ஒயர், திரையில் இதயத்தின் இடது ஓரமாகவே இறங்கியது. அந்த வழியில் போனால் கொரோனரி சைனஸைத் தாண்டி மேலறைக்கு வந்து, அங்கிருந்து கீழறைக்குச் சட்டென்று வளைய வேண்டும். கடைசியில் வலது தோள் பக்கம் மாற்றி வைத்தார்கள். முன்பே தெரிந்திருந்தால் ஒரு கீறலோடு முடிந்திருக்கும். டயாலிசிஸ் குழாய் போடுகிறவருக்கும், இதய அறுவை சிகிச்சையில் கொரோனரி சைனஸ் வழியாக மருந்து செலுத்துகிறவருக்கும் இதே சிக்கல் வரும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயம். இடப்பக்கச் சிரை தங்கிவிட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது இடது மேலறையில் திறக்கிறது. அப்போது இடது கையில் ஏற்றும் டிரிப்ஸில் காற்றுக் குமிழோ ரத்தக்கட்டியோ இருந்தால், நுரையீரலில் வடிகட்டப்படாமல் நேரே மூளைக்குப் போகலாம். இவர்களிடம் போய் 'ஒன்றும் செய்யாது' என்று சொல்ல முடியாது. நுண்குமிழ்கள் உண்டாகும்படி குலுக்கிய சலைனை (உப்பு நீர்) இடது கையில் செலுத்தி எக்கோ பார்த்தால், குமிழ்கள் முதலில் எங்கே தெரிகின்றன என்பதிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஆகவே, அந்தச் சிரை எங்கே திறக்கிறது, வலப்பக்கச் சிரையும் இருக்கிறதா என்ற இரண்டையும் அறிக்கையில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள். நோயாளியிடம் தமிழில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்கள்: "எனக்கு இதயத்துக்கு இடப்பக்கம் பெரிய சிரை ஒன்று கூடுதலாக உண்டு, கழுத்திலோ தோளிலோ குழாய் போடும் முன் இந்த அறிக்கையைப் பாருங்கள்."