ஆசா ராஜாவோட கால்

ஏட்டி,

ஒன் வாய்ஸ் மெசேஜ கேட்டதும் பதிலுக்கு நானும் வாய்ஸ் போடத்தான் நினைச்சேன், ஆனா நீ கேட்ட கேள்விக்கு பேசுனா ஒண்ணு அழுதுருவேன் இல்லன்னா ஒன்கூட சண்டை போட்ருவேன், அதான் உக்காந்து டைப் பண்ணுதேன், நீளமா போனா பொறுத்துக்க.

வீட்டுல எல்லாரும் சுகம். சின்னவ இந்த வருஷம் பத்தாங்கிளாஸ், மேக்ஸ்தான் அவளுக்கு எமன். அம்மா இப்ப என்கூடத்தான் இருக்கா, சுகர் மாத்திரை போட ஒத்துக்கிட்டா, நம்புவியா? மெட்ஃபார்மின உள்ளங்கையில வெச்சு கண்ண மூடி முழு நீள ஜெபம் பண்ணிட்டுதான் வாயில போடுதா, அதுக்குள்ள டம்ளர்ல இருக்க சுடுதண்ணி ஆறிப்போவுது. நான் ஒண்ணும் சொல்லுதது இல்ல. அப்புறம், நான் காது குத்திட்டேன்! நாகர்கோவில்ல ஒரு நகைக்கடையில போய் நின்னா அந்த அண்ணன் "பாப்பாவுக்கா மேடம்?"னு கேக்காரு, எனக்குத்தான்னு சொன்னதும் மனுஷன் ஒரு நிமிஷம் அப்படியே பாத்தாரு. நகையும் மருந்தும் கூடாதுன்னு சொல்லுத, நான் விட்டுட்டு வந்த நம்ம சபையில அது தெரிஞ்சதுல இருந்து மிச்சம் மீதி பேசுனவங்களும் ரோட்டுல கண்டா அந்தப் பக்கம் ஒதுங்கிப் போறாங்க.

சரி, ஒன் கேள்விக்கு வாரேன். "சபைய விட்ட, சரி, மனுஷங்க பண்ண தப்புக்கு வேதம் என்னட்டி பண்ணுச்சு"ன்னு கேட்டேல்லா. வெளிய வந்த புதுசுல நானும் இதத்தான் எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருந்தேன், ஊழியக்காரங்க திரிச்சுட்டாங்க, பைபிள் சுத்தம்னு. அப்படி நினைச்சுக்கிட்டா மனசுக்கும் லேசா இருந்துச்சு.

சித்தி கால்ல புண்ணு வந்தப்ப நீயும் வந்து பாத்தேல்லா. சுகர் புண்ணு, பெருவிரல்ல ஆரம்பிச்சு ஏறுது, வாடை அடிக்குது, அந்த நேரம் ஊழியக்காரர் வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்துல சேர போட்டு உக்காந்து 2 நாளாகமம் 16:12 வாசிச்சாரு. யூதாவ ஆண்ட ஆசா ராஜாவுக்கு கால்ல வியாதி, "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்", பரிகாரின்னா டாக்டர்தான், அடுத்த வசனத்துல ஆளு செத்துட்டான். அவ்வளவுதான் வாசிச்சாரு, ஒரு வார்த்த கூட சேக்கல. சித்தப்பா ஜங்ஷன் டாக்டர்ட்ட வாங்கிட்டு வந்த சீட்டு அந்த ராத்திரியே அடுப்புக்குப் போச்சு. அதுக்கப்புறம் நடந்தது ஒனக்குத் தெரியும்.

இங்கதான்ட்டி என் பிரச்சனையே. அவரு எதத் திரிச்சாரு? அந்த வசனம் அங்க அப்படியேதான் இருக்கு, நீயும் ஒன் பைபிள்ல எடுத்துப் பாரு.

வெளிய வந்தப்புறம்தான் நான் அத யாரும் பக்கத்துல இல்லாம தனியா வாசிச்சேன். அதே ஆசா கதை 1 ராஜாக்கள் 15லயும் வருது, அங்க முதிர்வயசுல கால்ல வியாதி வந்துச்சுன்னு மட்டும்தான் இருக்கு, டாக்டர் பேச்சே கிடையாது. நாளாகமம் அதுக்கப்புறம் ரொம்ப காலம் கழிச்சு எழுதுனதுன்னு படிச்சவங்க சொல்லுதாங்க. அப்ப வியாதி வந்தா அதுக்கு ஒரு பாவம் காரணமா இருக்கணும்னு நினைச்ச யாரோ ஒருத்தர் அந்த வரியச் சேத்திருக்காரோன்னுதான் எனக்குத் தோணுது. தாவீது ஜனத்த எண்ணுன கதையும் இப்படித்தான், 2 சாமுவேல் 24ல அவர ஏவி விட்டது கர்த்தர், 1 நாளாகமம் 21ல சாத்தான். சின்ன வித்தியாசமாட்டி இது? எசேக்கியா ராஜாவுக்கு கட்டி வந்தப்ப ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடைய வெச்சுக் கட்டச் சொன்னாரே, பிழைச்சும்கிட்டாரே, அந்தப் பக்கத்த சித்தி கட்டில் பக்கத்துல ஒருத்தரும் வாசிக்கல.

அப்புறம் மாற்கு 16. "வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அப்பொழுது சொஸ்தமாவார்கள்", நம்ம சபையோட அஸ்திவாரமே அந்த வசனம்தான. சினாய் மலை மடத்துல கிடைச்ச நாலாம் நூற்றாண்டு கைப்பிரதி ஒண்ணு இருக்கு, பெரும்பகுதி இப்ப லண்டன்ல, 2009லயே நெட்ல போட்டுட்டாங்க, நான் ஒரு ராத்திரி முழிச்சு இருந்து பாத்தேன். கிரேக்கம் ஒரு எழுத்து தெரியாது எனக்கு, ஆனா மாற்கு முடியுத இடத்த கண்டுபிடிச்சுட்டேன், இயேசுவோட கல்லறைக்குப் போன பொம்பளைங்க பயந்து ஓடுத எட்டாம் வசனத்தோட முடிஞ்சுருது, கீழ வெறும் தோல்தான். வத்திக்கான்ல இருக்க பழைய பிரதியிலயும் அப்படித்தானாம். சித்தி நம்புன அந்த வசனம் ரெண்டுலயுமே இல்லட்டி. இன்னொரு கூத்து, அதே வசனத்துல பாம்ப எடுப்பாங்கன்னும் இருக்குல்லா, அமெரிக்காவுல ஜார்ஜ் ஹென்ஸ்லின்னு ஒருத்தரு அத நம்பி பாம்போட பிரசங்கம் பண்ணி 1955ல பாம்பு கடிச்சே செத்தாரு. நம்மாளுங்க உஷாரு, பாம்ப விட்டுட்டு வியாதிய மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். அதே பைபிள வாசிச்சுட்டுதான ஐடா ஸ்கடர் 1900ல வேலூர்ல ஒத்த கட்டில போட்டு ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க, எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் நம்ம நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில வந்து வருஷக்கணக்கா ஆபரேஷன் பண்ணாருன்னு. வாஸ்தவம்தான், நான் பிறந்ததே நெய்யூர்லதான், ஒரு பிள்ளைய இழந்தப்புறம் அப்பா ஊழியக்காரருக்குத் தெரியாம அம்மாவ அங்க கூட்டிட்டுப் போயிருக்காரு. ஆனா யோசிச்சுப் பாரு, ஒரே புஸ்தகம் ஒரு ஆள ஆஸ்பத்திரி கட்ட வைக்குது, இன்னொரு ஆள மருந்துச் சீட்ட எரிக்க வைக்குது. அப்ப எது கர்த்தரோட சத்தம்னு முடிவு பண்ணுதது நம்ம மனசாட்சிதான? நல்ல வசனத்த எடுத்து கெட்டத விடணும்னா அந்த நல்லது கெட்டது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்லா. "வேதமே எல்லாத்துக்கும் அளவுகோல்"னு சொல்லுதவங்க யாரும் இதுக்கு எனக்கு பதில் சொல்லல, நீயாவது சொல்லு.

நான் நாத்திகம் ஆயிட்டேன்னு ஊர்ல பேச்சு. அப்படி எல்லாம் இல்ல. ஜெபம் பண்ணுதேனான்னு கேட்டா, சோறு முன்னாடி வாய் தன்னால முணுமுணுக்குது, அது ஜெபமா பழக்கமான்னு தெரியல. பைபிள தூக்கி எறியவும் இல்ல. யோபு வாசிக்கேன், பிரசங்கி வாசிக்கேன், 88ஆம் சங்கீதம் அடிக்கடி, "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்"னு முடியும், கடைசியில ஒரு அல்லேலூயா கிடையாது. ரோட்டுல ஒதுங்கிப் போறவங்கள நினைச்சா அத எழுதுன ஆளு எனக்கு சொந்தக்காரர் மாதிரி இருக்கு. ஆனா அது மேல இருந்து இறங்குன வார்த்தைன்னு சொல்ல இப்ப எனக்கு வாய் வரல.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வா, பிள்ளைங்களயும் கூட்டிட்டு வா, அம்மா ஒனக்கு முந்திரிக்கொத்து செய்யணும்னு சொல்லிட்டே இருக்கா. வாரதுக்கு முன்னாடி ஒங்க சபை ஐயர்ட்ட ராஜாக்களையும் நாளாகமத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அங்க இல்லாத டாக்டர் இங்க எப்படி வந்தாருன்னு கேளு. "தேவ ரகசியம்மா"ன்னு சொன்னாருன்னா எனக்கு எழுத வேண்டாம், வேற எதாவது சொன்னா அன்னைக்கே எழுது.