நேர்முகக் குழுவில் உட்காரப் போகும் மகளுக்கு

நோர்வூட்

அன்புள்ள மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்பா சத்தமாக வாசித்துக் காட்டினார். "கோட்டாவில் வந்தவள் என்று இனி ஒருத்தரும் சொல்லக் கூடாது. எனக்கு முன்னால் வருகிறவர்களிடம் திறமையை மட்டும்தான் பார்ப்பேன், வேறு ஒன்றும் பார்க்க மாட்டேன்." அவருக்கு ரொம்பப் பிடித்துப் போனது. எனக்குப் பாதிதான் பிடித்தது. போனில் சொன்னால் நடுவில் "மீட்டிங் அம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோட்டாப் பேச்சு. நீ பல்கலைக்கழகம் போனது நுவரெலியா மாவட்ட அடிப்படையில். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம்தான் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உன்னைக் குத்திப் பேசியவரும் ஏதோ ஒரு மாவட்டத்தின் கணக்கில் போயிருக்கலாம், கேட்டுப் பார். நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சையில் உனக்கும் அவருக்கும் ஒரே வினாத்தாள். அதில் யாரும் உனக்கு மாவட்டம் பார்த்துப் புள்ளி போடவில்லை.

அதற்காக இந்த மாவட்டக் கணக்கைக் கும்பிடவும் வேண்டாம். எழுபதுகளின் தொடக்கத்தில் மொழியைப் பார்த்துத் தரப்படுத்தி, தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்டார்கள். அந்தக் கசப்பு யாழ்ப்பாணத்தில் இன்னும் போகவில்லை. பிறகு மாவட்டக் கணக்கு வந்தது, அதில் நமக்கு ஒரு வழி திறந்தது. ஆனால் அது மாவட்டத்துக்கான இடம், தோட்டத் தொழிலாளர் லய வீட்டுப் பிள்ளைக்கான இடமல்ல. இங்கே வெட்டுப்புள்ளி குறைவு என்று தெரிந்து வெளி மாவட்டத்தில் இருந்து வந்து, இங்குள்ள பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்து பரீட்சை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். டவுன் பிள்ளைக்கும், விஞ்ஞான ஆசிரியரையே காணாத தோட்டத்து மேல்டிவிஷன் பிள்ளைக்கும், பரீட்சைப் புள்ளியைத் தரப்படுத்திப் போடும் இசட் புள்ளியில் ஒரே வெட்டுதான். யாருக்கு என்று ஒதுக்குகிறார்களோ அவர்களுக்கே அது போய்ச் சேர்வதில்லை என்பதுதான் என் கோபம். ஒதுக்குவதே பிழை என்று நீ சொல்வது வேறு.

உன் தாத்தா தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோல் கணக்கை மனதிலேயே கூட்டிச் சொல்வார், கிளாக்கர் பென்சிலை எடுப்பதற்குள். 1948 சட்டத்தில் நம் மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமை போன பிறகு அரசாங்க வேலைக்கு ஒரு விண்ணப்பம் போடக்கூட அவரால் முடியவில்லை. நம் ஆட்களில் மிச்சம் இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தீர்ந்தது 2003 சட்டத்தில். எண்பதுகளில் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளையே ஆசிரியராக எடுத்தபோது நான் உள்ளே வந்தேன். பயிற்சி பிறகுதான் கிடைத்தது. அன்றைக்குத் திறமையை மட்டும் பார்த்திருந்தால் வெளியில் இருந்துதான் ஆள் வந்திருப்பார்கள். அப்படி வெளியில் இருந்து வந்தவர்களில் பலர் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அது வேறு கதை.

போன மாதம் பக்கத்து லயத்துக் கருப்பாயி பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று வேண்டாம். சேமலாப நிதிக் காசு எடுக்க வேண்டும். பிறப்புப் பதிவில் அவள் 'கருப்பையா', அடையாள அட்டையில் கருப்பாயி. எந்தக் காலத்திலோ யாரோ காதில் விழுந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். கவுன்டரில் இருந்த தம்பி நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார், சிங்களத்தில். பாட்டி எல்லாவற்றுக்கும் "ஆமாங்கய்யா" என்றாள். அவர் ஒரு படிவத்தைக் கொடுத்து அடுத்த வாரம் வரச் சொன்னார். படிவமும் பிழையானது. பிறகு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார், பொகவந்தலாவைத் தோட்டப் பக்கத்துக்காரர். பாட்டியிடம் "உங்க அப்பா பேரென்ன, எந்த டிவிஷன்ல பொறந்தீங்க, அப்ப பெரிய கிளாக்கர் யாரு?" என்று மூன்று கேள்வி கேட்டார். தோட்டத்துப் பழைய பதிவில் எங்கே தேட வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பரீட்சையில் அந்தத் தம்பி இவரைவிடக் கூட எடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கதிரைக்கு யார் திறமைசாலி? நோர்வூட்டும் தலவாக்கலையும் தனிப் பிரதேச செயலகம் ஆனதே சனம் அதிகம் என்பதால்தானே? அந்தச் சனத்திடம் பேசத் தெரிவதும் அந்த வேலைக்கான தகைமைதான். இதைச் சலுகை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

விளைச்சல் குறைந்த பழைய தேயிலை மலையில் எடுத்த கொழுந்தையும் விளைச்சல் கூடிய வி.பி. மலையில் எடுத்த கொழுந்தையும் ஒரே தராசில் போட்டு, குறைந்தவளுக்கு அரைநாள் கூலியான அரைப்பேர் போடுகிற கங்காணியை நல்லவன் என்று யாரும் சொன்னதில்லை. உங்கள் நேர்முகப் புள்ளித் திட்டமும் அப்படித்தான், பார். மேலதிக டிப்ளோமாவுக்கு இத்தனை, கணினிக் கற்கைக்கு இத்தனை, விளையாட்டுக்கு இத்தனை. டிப்ளோமாவுக்குக் காசு வேண்டும், கொழும்பில் தங்க இடம் வேண்டும். ஹட்டனில் இருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போகிற பிள்ளை எங்கே போய்ப் படிக்கும்?

ஆனால் ஒன்று. நேர்முக அறையில் உட்கார்ந்துகொண்டு, நம்ம பிள்ளை என்று அரைப் புள்ளிகூடக் கூட்டிப் போடாதே. வேலைக்கான அறிவித்தல் வெளிவந்த பிறகு திட்டத்தை வளைப்பது களவு. பேச வேண்டியது அதற்கு முன்னால், திட்டத்தை எழுதுகிற மேசையில். எந்தப் பதவி, எந்தப் பிரதேசம், அங்கே எந்த மொழி, அதற்கு எத்தனை புள்ளி என்று அங்கே வாயைத் திற. நீ வாயே திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு திறமைப்படிதான் எடுத்தோம் என்று சொல்லாதே.

பதவி உயர்வு விஷயத்தில் நான் உன் பக்கம். 1990இல் இன விகிதாசாரப்படி பதவி உயர்வு கொடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டது யார் தெரியுமா? ராமுப்பிள்ளை என்ற தமிழ்ச் சுங்க அதிகாரி. இத்தனை பேர்தான் தமிழர் என்று எல்லை போட்டால் மூப்பும் தகுதியும் உள்ள தமிழனுக்கே வழி அடைபடுகிறது. உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை மீறுகிறது என்று தீர்த்தது. உள்ளே வருவதற்கு வழி சமமில்லை, அதனால் கை கொடுக்கலாம். உள்ளே வந்து பத்து வருடம் ஒரே மேசையில் வேலை செய்த பிறகு வேலையைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். வேலையில் இருப்பவர்கள் தேற வேண்டிய தடைதாண்டல் பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதானே. அப்பா இதை ஒத்துக்கொள்ளவில்லை. மேலே நம் ஆள் இல்லாவிட்டால் கீழே இருப்பவனின் வேலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது, ஆனாலும் நான் மாறவில்லை.

திறமை, திறமை என்று பேசுகிறவர்கள் மந்திரி சிபாரிசு செய்து அனுப்புகிற லிஸ்ட்டைப் பற்றி ஏன் பேசுவதில்லை? நம் பிள்ளைகள் இழந்த வேலைகளில் பாதி அந்தச் சிபாரிசுச் சிட்டுகளில்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம். நம் மலையகத் தலைவர்களும் சிட்டுக் கொடுத்தவர்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு பெயர் உன் மேசைக்கு வந்தால், கோட்டா என்று உன்னைக் குத்தியவர் அன்றைக்கு என்ன சொல்கிறார் என்று கவனி.

கீழ் லயத்து மகேஸ் அபிவிருத்தி உத்தியோகத்தராகி இரண்டு வருடமாகிறது, அரச சேவையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை எப்போது எழுதலாம் என்று கேட்டாள். தமிழ் மொழிமூலப் பழைய வினாத்தாள்கள் உன்னிடம் இருந்தால் அனுப்பு. மொழிபெயர்ப்புப் பிழையாக இருக்கிற கேள்விகளுக்குப் பக்கத்தில் சிங்களத் தாளில் என்ன இருந்தது என்று எழுதி அனுப்பினால் அவளுக்குப் பெரிய உதவி. ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிடு, அப்பா ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா