சென்ட்ரி டூட்டி அண்ணன்மார்களுக்கு

காட்பாடி டீக்கடை பெஞ்சில் தினமும் காலையில் கூடும் முன்னாள் ராணுவ அண்ணன்மார்களுக்கு வணக்கம். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எல்லோரும் பார்க்கவே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் 1999 கார்கில் போரில், திராஸில் போபர்ஸ் பீரங்கிக்குக் குண்டு ஏற்றியவர். பென்ஷன் வாங்க ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆகியும் ராத்திரியில் தூக்கம் கிடையாது. தீபாவளி வந்தால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "மிலிட்டரிக்காரருக்கு வெடின்னா பயமா?" என்று சொந்தக்காரர்களே கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் அவர் இன்னும் சுருங்கிப் போனார்.

மிலிட்டரி கேன்டீனுக்குப் போனவரை நீங்கள்தான் பிடித்து உட்கார வைத்தீர்கள். ஒருநாள் போண்டா தட்டு வந்ததும் மெட்ராஸ் ரெஜிமென்ட் அண்ணன் எழுந்து நின்று, "வீர மதராசி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்று முழங்கிக்கொண்டே அதன்மேல் பாய்ந்தாராம். வீட்டுக்கு வந்து எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார். இது என் புருஷன்தானா என்று கரண்டியும் கையுமாக நின்று பார்த்தேன்.

ஆனால் நான் தனியாக நன்றி சொல்ல வேண்டியது ஒரு சொல்லுக்கு. தூக்கம் வராத ராத்திரிக்கு, முகாமில் முறைபோட்டுக் காவல் நிற்பதைச் சொல்லும் 'சென்ட்ரி டூட்டி' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கண் சிவந்து வருகிறவரிடம், "நேத்து சென்ட்ரியா? எத்தனை மணிக்கு மாத்தி விட்டாங்க?" என்று கேட்பீர்களாம். அத்தனை வருஷம் வெட்கப்பட்டு மறைத்ததை அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தால் நானும் எழுந்து போய், "டூட்டி மாத்த வந்திருக்கேன்" என்பேன். சிரிப்பார். சில நாள் படுத்துவிடுவார், சில நாள் இல்லை.

எதைத் தொட்டுச் சிரிக்கக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வராதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேலி கிடையாது. பீரங்கிப் பக்கத்தில் தன்னோடு நின்றவரின் பெயரை அவர் முதல்முதலாகச் சொன்னது உங்கள் பெஞ்சில்தான். யாரும் பேச்சை மாற்றவில்லையாம். கடைக்காரர் டீ ஆற்றுவதைக்கூட நிறுத்திவிட்டாராம். என்னிடம்கூட அதுவரை சொல்லாத பெயர் அது.

சிரிக்க வைத்ததோடு விடாமல் முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போய், மனநல டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கித் தந்தீர்கள். "மாத்திரை போட்டியா?" என்று இன்றும் தினம் கேட்கும் சுபேதார் ஐயாவுக்கும், மனநல உதவிக்கான அரசாங்க போன் சேவை டெலி மானஸின் 14416 எண்ணை என் போனில் பதிந்து, "எந்நேரமும் கூப்பிடலாம் தங்கச்சி, காசு கிடையாது" என்ற அண்ணனுக்கும் என் கும்பிடு.

போன தீபாவளியை நான் மறக்கவே மாட்டேன். ராத்திரி ஏழு மணிக்கு, வெடி தொடங்கும் நேரம் பார்த்து, ஐந்து பேரும் வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தீர்கள். தெருவில் பிள்ளைகள் வெடி வைக்க வைக்க, "குறி தப்பிடுச்சு, நூறு மீட்டர் கூட்டு!" என்று பீரங்கிக் குறிக்குச் சொல்வதுபோல ஆளாளுக்குத் திருத்தம் சொன்னீர்கள். அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தபடி இருந்தார். ஏழரை மணி இருக்கும். ஒரு லட்சுமி வெடி வெடித்தது. பிடியை விடாமலே, "அம்பது குறை" என்றார்.

இந்தத் தீபாவளிக்கும் ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். போண்டா நான் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி