தந்தை பெயர் குடும்பப் பெயராகும்போது: அயர்லாந்தின் அனுபவம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பத் திணறும் இளம் பெற்றோர் சிலர், தாத்தாவின் பெயரையே பிள்ளைக்கு நிலையான குடும்பப் பெயராகப் பதிந்துவிடலாமா என்று கேட்கிறார்கள். 'இன்னார் மகன்', 'இன்னார் மகள்' என்று எழுதும் நம் முறை ஏதோ முழுமை பெறாத ஏற்பாடு என்ற எண்ணமே அக்கேள்விக்கு அடியில் இருப்பதாகத் தெரிகிறது. அந்த எண்ணம் தவறு என்பதற்கு அயர்லாந்து மக்களின் பெயர் வரலாறு தக்க சான்றாக இருப்பதால் இதை எழுதுகிறேன்.

பழைய அயர்லாந்தில் ஒருவருக்கு ஒரு பெயர்தான். அதன்பின் 'மகன்' எனப் பொருள்படும் 'மாக்' என்ற சொல்லும், ஆறாம் வேற்றுமை வடிவில் தந்தையின் பெயரும் வரும். கல்லின் விளிம்பில் கோடுகளாக வெட்டப்பட்ட 'ஓகம்' எழுத்துக் கற்கள் ஏறத்தாழ 400 கிடைத்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை அந்நாட்டின் தென்பகுதியைச் சேர்ந்தவை. இன்னாருடைய மகனான இன்னாருடையது என்ற அமைப்பையே அவற்றில் பலமுறை காண்கிறோம். கரூருக்கு அருகே புகளூர்க் கல்வெட்டில் 'ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ' என்று மூன்று தலைமுறை தொடர்ந்து வருவதை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தந்தை பெயர் முன்னே வருகிறதா பின்னே வருகிறதா என்பதே வேறுபாடு. 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று தந்தையின் தொழிலைச் சொல்லும் வழக்கிற்கும் அங்கே இணை உண்டு: பாணர் மகன் 'மாக் அன் வார்ட்', கொல்லர் மகன் 'மாக் கவன்'.

இயற்பெயர்களும் கருத்தோடு அமைந்தவை. 'ஆண்மகன்', 'வலிமை' என்ற இரு சொற்கள் கூடிப் 'ஃபெர்கஸ்' ஆனது. கிறிஸ்துவம் வேரூன்றிய பின், புனிதர் ஒருவரின் அடியார் என்று பொருள்படும் பெயர்கள் பெருகின. இன்று நாம் கேட்கும் 'மால்கம்', புனித கொலம்பாவின் அடியார் என்பதே. புறாவைக் குறிக்கும் 'கொல்ம்' என்ற பெயரோடு செல்லமாக அழைக்கும் விகுதி சேர்ந்து 'கொல்மான்' ஆயிற்று. அதிலிருந்து அயர்லாந்தில் 'ஓ கொல்மான்' என்ற குடிப்பெயர் பிறந்து, ஆங்கிலத்தில் கோல்மன் ஆனது. அயர்லாந்தின் டிராஹெடாவில் பிறந்து, சிங்கப்பூரில் நம் ஆர்மீனியத் தேவாலயத்தை 1835இல் வடிவமைத்துக் கொடுத்த ஜார்ஜ் கோல்மனின் பெயரைத்தான் கோல்மன் ஸ்திரீட் தாங்கி நிற்கிறது.

பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்த மாற்றத்தை. 1014இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த மன்னர் பிரியன், கென்னடிக் என்பவரின் மகன் என்பதால் 'பிரியன் மாக் கென்னடிக்' எனப்பட்டார். அவர் மகன் 'தைக் மாக் பிரியன்'. பேரன் டர்லோ 'உவா பிரியன்' என்று அழைக்கப்பட்டார்; 'உவா' என்றால் பேரன், ஆகவே அதுவரை பெயர் உண்மையையே சொன்னது. டர்லோவின் மகன் மர்ட்டா, பிரியனுக்குக் கொள்ளுப்பேரனாக இருந்தும் 'உவா பிரியன்' என்றே தொடர்ந்தார். அந்த இடத்தில்தான் உறவைச் சொன்ன பெயர் குடும்பப் பெயராக இறுகியது. பின்னாளில் அது 'ஓ பிரையன்' ஆயிற்று. இம்மாற்றத்தால் ஒரு குலத்தின் நினைவு ஆயிரம் ஆண்டு நிலைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மர்ட்டாவின் குடும்பப் பெயரில் அவரைப் பெற்ற டர்லோவுக்கு இடமில்லை. தந்தை யார் என்று சொல்ல வேண்டுமானால் தனியே சேர்த்து எழுத வேண்டியதாயிற்று.

இறுகிய பிறகும் ஐரிஷ் மொழி மகளை மறக்கவில்லை. 'ஓ' குடும்பத்தில் பிறந்தவள் 'நீ' என்றும், 'மாக்' குடும்பத்தில் பிறந்தவள் 'நிக்' என்றும் தன் பெயரில் சுட்டிக்கொள்வாள். இரண்டிலும் 'மகள்' என்ற சொல் சுருங்கி அடங்கியிருக்கிறது. ஆங்கில ஆவணங்களில் அந்த வேறுபாடு மறைந்து, பெண்ணும் 'ஓ' என்றே எழுதப்பட்டாள். ஆவணம் எழுதுவோரின் வசதிக்காகப் பெயர் வளைக்கப்படுவது அங்கே புதிதன்று. டப்ளினைச் சூழ்ந்த ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள், ஓர் ஊர், ஒரு நிறம், ஒரு தொழில் போன்றவற்றின் ஆங்கிலப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ள வேண்டும் என்று 1465ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிட்டது. பிற்காலத்தில் 'ஓ', 'மாக்' ஆகியவற்றையே பல குடும்பங்கள் கைவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மொழி மறுமலர்ச்சியின்போதுதான் சிலர் அவற்றை மீட்டுக்கொண்டனர்.

ஆகவே, தாத்தாவின் பெயரைக் குடும்பப் பெயராக்க விரும்பும் பெற்றோர் அதைத் தெரிந்தே செய்யட்டும். அவ்வாறு செய்வதில் குற்றமில்லை. ஆனால் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக மட்டும் 'மகன்', 'மகள்' என்ற உறவுச் சொற்களைப் பிறப்புப் பதிவிலிருந்து நீக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதிவிட்டு, அது தந்தையின் பெயர் என்று விளக்கம் தருவதே போதுமானதாக இருக்கும் இடங்கள் பல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தோ பாயோ